கோமளம் வைத்த வெங்காய சூப்

பிரெஞ்சுச் சாப்பாடு என்றால் பெரிய ஓட்டல் வாசலில் சலாம் வாங்கிக்கொண்டு உள்ளே போனால்தான் கிடைக்கும் என்று பெங்களூரே நம்பிக்கொண்டிருந்த 2001இல், அடுகோடியில் லேத்துப் பட்டறைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே நாலே மேஜை போட்டு, மீல்ஸ் விலைக்கு அதைக் கொடுத்தவர் சில்வெஸ்டர். பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமைத்துப் பழகிய கை. வெங்காய சூப், மொறுமொறு ரொட்டி, ஒரு காய்கறிக் கூட்டு, கடைசியில் கேரமல் புட்டிங். அவ்வளவுதான் மெனு.

ஸ்ரீராம்புரத்துக் கோமளம் அங்கே மூன்று வருஷமாக வெங்காயம் நறுக்கினாள். நறுக்கினாள் என்றா சொன்னேன்? அழுதாள் என்று சொல்ல வேண்டும். ஆனால் கண்ணில் நீர் வழிய வழிய அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு வேலை அத்தனையும் அத்துப்படி. தன் முட்டி தேய்ந்து அடுப்படியில் நிற்க முடியாமல் போனபோது சில்வெஸ்டர் அவளைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு நீ செய் கோமளம். சரியா வந்தா அடுப்பு உன்னுது. இல்லேன்னா நாளைக்கு ஓட்டல் குக் ஒருத்தன் வர்றான்."

அடுப்பு வேண்டும் என்று அவளுக்குப் பொல்லாத ஆசை. ஒரே ஒரு சிக்கல். பரிமாறுவதற்கு முன் வாயில் வைத்தால் எச்சில் என்பது அவள் வீட்டு வழக்கம். வாசனையும் கையளவும்தான் அவளுக்குக் கணக்கு. அன்றைக்கென்று பார்த்து வெண்ணெய்க்காரர் வரவில்லை. கடையில் பாக்கெட் வெண்ணெய் வாங்கிப் போட்டாள். அதில் ஏற்கெனவே உப்பு இருக்கும் என்று யார் கண்டது?

தினமும் சாப்பிட வரும் கம்ப்யூட்டர் கம்பெனி சிவசங்கரன் மூன்றாவது டம்ளர் தண்ணீர் கேட்டான்.

"சூப் எப்படி தம்பி இருக்கு?"

"அருமைக்கா" என்றான் அந்தப் புண்ணியவான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவளுக்குச் சுருக்கென்றது. உள்ளே போய், சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் ஊற்றி வாயில் வைத்தாள். ஐயோ, ஒரே உப்பு!

யாரும் குறை சொல்லவில்லை. சில்வெஸ்டர் கல்லாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுப்பு கைக்கு வந்துவிடும். அடுப்பை ஒரு தரம் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று வெளியே வந்து, மேஜை மேஜையாகக் கிண்ணங்களை எடுத்தாள்.

"யாரும் குடிக்காதீங்க. உப்பு ஜாஸ்தியாயிடுச்சு. தப்பு என்னுது. அரை மணி நேரம் குடுங்க."

சில்வெஸ்டர் பேப்பரை மடித்து வைத்தார். இவள் புதிதாக வெங்காயம் வதக்கினாள், உப்பே போடாமல். பழையதில் கொஞ்சம் கலந்து, கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தாள். மூன்று வருஷமாக அவளை அழவைத்த வெங்காயம் நாக்கில் இனித்தது. இத்தனை நாள் இதைத் தெரியாமலே இருந்துவிட்டோமே என்று இன்னொரு வாய் குடித்தாள்.

சூப் காலியாகி எல்லோரும் போன பிறகு சில்வெஸ்டர் நொண்டியபடி உள்ளே வந்தார்.

"இவ்ளோ நாளா ஒரு வாட்டிகூட நீ ருசி பார்த்ததில்லையா?"

"எச்சில் ஆயிடும்ணா."

அவர் போன் பக்கம் போய், மறுநாள் ஓட்டல் குக்கை வர வேண்டாம் என்றார். திரும்பி வந்து சொன்னார்:

"நாளைக்கு வரும்போது உன் வீட்லேருந்து ஒரு கிண்ணம் எடுத்துட்டு வா. தினம் மொதல் கரண்டி அதுல ஊத்து. நீ குடிச்ச அப்புறம்தான் மத்தவங்களுக்கு."