ஆல்பியால் எழுத முடியாத கடிதம்

போர்ட்லாந்து துறைமுகத்தில் ஆல்பியைத் தெரியாதவர்கள் கிடையாது. சிங்கி இறால் பிடிக்கச் சொந்தப் படகு, கடல் காற்றையும் மீறிக் கேட்கும் குரல். அவருடைய ஒரே மகன் ரீஸுக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டும். அதனால் அவன் நர்ஸிங் படிக்கப் போனான். பத்தொன்பது வயதில் கல்லூரியில் சேர்ந்தவன், சேர்ந்த இரண்டாவது மாதமே தகப்பனும் ஆனான்.

அவனும் அவனுடைய துணைவி டாலியாவும் கைக்குழந்தை ஃப்ரேயாவும் ஆல்பி வீட்டின் பின்னறையில் இருந்தார்கள். வாரநாளெல்லாம் வகுப்பு, சனி ஞாயிறு மீன் வறுவல் கடையில் வேலை, நடுவில் குழந்தை. ஒருநாள் ரத்த அழுத்தம் பார்க்கும் பயிற்சியில், நோயாளியாகப் படுக்க வேண்டிய முறை வந்தபோது ரீஸ் நிஜமாகவே தூங்கிவிட்டான். வகுப்பே சிரித்தது.

"மாணவர் உதவித்தொகை கேளேன்டா" என்றான் பக்கத்தில் இருந்த டார்சி.

"எங்கப்பா வருமானத்தைப் பார்ப்பாங்க. இந்த வருஷம் அவருக்கு நல்ல சீசன்."

"வீட்டை விட்டுத் துரத்திட்டாருன்னு அவர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக்கோ. அப்ப நீ தனி ஆளாயிடுவ, அவர் வருமானத்தைப் பார்க்க மாட்டாங்க. எங்க மாமா பையன் அப்படித்தான் வாங்கினான்."

அன்று சாப்பாடு முடிந்ததும் மேசையில் தாளும் பேனாவும் வைக்கப்பட்டன. ஆல்பி தலையைச் சொறிந்தார்.

"எதுக்கு துரத்தினேன்னு எழுதறது? எனக்கு இவன் மேல கோபமே இல்லையே."

"ஏதாவது பழசை நினைச்சுக்கோங்க" என்றாள் அம்மா மொய்ரா. "உங்க வண்டியைக் கேட்காம எடுத்துட்டுப் போய் வேலியில இடிச்சானே!"

"அன்னைக்குப் புள்ளை பொழைச்சதே பெருசு, மொய்ரா!"

கடைசியில் இரண்டு வரி எழுதினார். 'என் மகன் ரீஸை நான் வீட்டைவிட்டு அனுப்பிவிட்டேன். அவன் மிகவும் நல்ல பையன்.' மொய்ரா இரண்டாவது வரியை அடித்தாள்.

"அதையும் அடிச்சிட்டா இதுல உண்மைன்னு என்னடி இருக்கு?" ஆல்பி பேனாவைக் கீழே போட்டார். கண் கலங்கியிருந்தது.

ரீஸுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. "விடுங்கப்பா. நான் போய் இருக்கறதை இருக்கற மாதிரி சொல்றேன். கொடுத்தா கொடுக்கட்டும்."

மறுநாள் டாலியாவுக்கு டிரைவிங் டெஸ்ட். எனவே ரீஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரசு உதவித்தொகை வழங்கும் சென்டர்லிங்க் அலுவலகத்துக்குக் கிளம்பினான். வண்டி ஓட்டி வந்த ஆல்பி, வெளியே காத்திருக்கச் சொன்னதைக் காதில் வாங்காமல் கூடவே உள்ளே வந்தார். நாற்காலி ஒன்றுதான் இருந்ததால் மகனுக்குப் பின்னால் நின்றுகொண்டார். எதிரே நொரீன் என்ற நடுத்தர வயது அதிகாரி.

"எங்க இருக்கீங்க, தம்பி?"

"அப்பா அம்மா கூடத்தான். யாரும் என்னைத் துரத்தல."

"துரத்தவும் மாட்டேன்!" என்றார் ஆல்பி. அலுவலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

நொரீன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "உங்களை யாரு சார் துரத்தச் சொன்னா? இந்தக் குட்டி யாரு?"

"என் பொண்ணு" என்றான் ரீஸ்.

"அவளை வளர்க்கறது யாரு?"

"நானும் டாலியாவும்."

"அப்ப முடிஞ்சுது. சொந்தக் குழந்தை உங்க பொறுப்புல வளருது. அது ஒண்ணு போதும், சட்டப்படி நீங்க தனி ஆள். அப்பா வருமானத்தைப் பத்தி எங்களுக்குக் கேள்வியே இல்ல. உங்க சம்பளம், டாலியா சம்பளம், அதைத்தான் பார்ப்போம். பிறப்புச் சான்றிதழும் காலேஜ் சேர்ந்த கடிதமும் கொடுங்க."

"அப்பா வீட்டுல இருந்தாலுமா?"

"தாராளமா இருங்க. அப்பாவோட சண்டை போட்டுக்கிட்டு வரணும்னு யாரு சொன்னது?"

ரீஸ் டார்சியின் கழுத்தை எப்படி நெரிப்பது என்று ஒரு கணம் யோசித்தான். மறுகணமே மனசு லேசாகிவிட்டது. மூன்று மாதமாக அவனைத் தூங்கவிடாத ஃப்ரேயா, இப்போது மேசையில் இருந்த ஸ்டேப்ளரை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் ஆல்பி முணுமுணுத்தார். "தனி ஆளாம்! காலையில சாக்ஸைக் காணோம்னு அம்மாவைக் கூப்பிட்டவன்!"

வழியில் ஏற்றிக்கொண்ட டாலியா டெஸ்டில் பாஸாகியிருந்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியை அவளே ஓட்டினாள். ஆல்பி பின்சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில், கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்து வந்தார்.

மூன்றாம் வாரம் உதவித்தொகை கிடைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. ரீஸ் ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டான். அடுத்த ரத்த அழுத்தப் பயிற்சியில் விழித்தபடியே படுத்திருந்து, கையில் அளவுப் பட்டையைத் தப்பாகக் கட்டிய டார்சியை இரண்டு முறை திருத்தினான்.