நான்காவது சிலிண்டர்

காலை எட்டரைக்கு எங்கள் தெருவுக்கு ஒரு காய்கறி வண்டி வருகிறது. இரண்டு மூன்று கை மாறிய சின்ன டீசல் வண்டி. கூரையில் கட்டிய ஒலிபெருக்கி தக்காளியையும் சின்ன வெங்காயத்தையும் கூவிக்கொண்டே இருக்கும். போன மாதம்தான் எனக்குக் காதுக்கு மிஷின் வாங்கி மாட்டினார்கள். காக்கை, மிக்சி, மருமகளின் முணுமுணுப்பு எல்லாவற்றையும் அது ஒரே எடையாக நிறுத்துக் கொடுக்கிறது. நேற்று அந்தக் கூவலுக்கு அடியில் வேறொன்று கேட்டது. ஓட்டுகிறவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், கனமாக, வண்டியின் அடிவயிற்றிலிருந்து, கொட், கொட்.

“தம்பி, உள்ளே பேரிங் போகுது. இன்னைக்கே ஒர்க்‌ஷாப்புல உட்டுப் பாரு.”

“அதுங்களா? ஆறு மாசமா அப்படித்தானுங்க ஓடுது. உங்க காது மிசின்லதான் ஏதோ கொரகொரங்குது சாமி. தக்காளி எத்தன கிலோ?”

அரைக் கிலோ வாங்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

நான் பாலிடெக்னிக்கில் என்ஜின் பாடம் நடத்தியவன். நாமக்கல்லில் அந்தக் காலத்தில் பழைய லாரி வாங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தேடி வருவார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, முழங்கை நீளத் திருப்புளி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்புவேன். திருப்புளியின் நுனியை என்ஜினில் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்தால் உள்ளே நடப்பது தெரியும். மேலே டிக்டிக்கென்று இலேசாகக் கேட்டால் டேப்பெட். ஒரு நாள் வேலை. கீழே கொட்டென்று கனமாக விழுந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. இன்றோ நாளையோ என்ஜின் உடையும். சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் பைப்பின் நட்டை ஸ்பேனரால் தளர்த்திப் பார்க்க வேண்டும். எதைத் தளர்த்தும்போது சத்தம் அடங்குகிறதோ அங்கேதான் கோளாறு. கல்யாண வீட்டில் நாயனக்காரருக்குக் கிடைக்கும் மரியாதை அன்று என் காதுக்குக் கிடைத்தது. அது தலைக்கும் ஏறியிருந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சத்தம் கேட்க வந்தவன் விற்கிறவர் முகத்துக்கு நேராக வண்டியைக் குறை சொல்லமாட்டான். அவர்கள் டீ கொடுப்பார்கள். குடித்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். “வவுறு சரியில்லீங்க” என்று சொல்லிவிட்டால் வாங்க வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். ஒருமுறை நிஜமாகவே எனக்கு வயிறு சரியில்லை. டீயை மறுத்துவிட்டு அவசரமாகக் கொல்லைப்பக்கம் போய்த் திரும்பினால், நல்ல வண்டியின் வியாபாரம் முறிந்திருந்தது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் செல்லமுத்து.

செல்லமுத்து ஜேடர்பாளையத்துக்காரன். எட்டாவது வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவன். பிறகு லாரி கிளீனராகப் போய், டிரைவராகி, இருபது வருடம் பிறத்தியார் வண்டி ஓட்டினான். சொந்தமாக ஒரு லாரி. அது ஒன்றுதான் அவன் ஆசை. அவன் மனைவி ராமாயி பட்டி போட்டு வளர்த்த மேச்சேரி ஆடுகள் அத்தனையையும் ஒரே சந்தையில் ஓட்டிவிட்டு என்னிடம் வந்தான்.

“வாத்தியாரே, ஆட்டையெல்லாம் வித்துப்போட்டேன். இனி உங்காதுதான்.”

பனமரத்துப்பட்டிக்கு அந்தப் பக்கம், ஊரைவிட்டுத் தள்ளியிருந்த காலனியில் மாதையன் என்பவர் தன் லாரியை நிறுத்தியிருந்தார். முதுகு போய்விட்டதால் விற்கிறார். நேர்மையானவர். “என் கைக்கு ஓடிக்கிட்டுதானுங்க இருக்குது. உள்ளே என்ன இருக்குதோ, நீங்க கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

என்ஜினைச் சூடேற்றச் சொன்னேன். வேகத்தைக் கூட்டிவிட்டு விடச் சொன்னேன். விட்ட கணத்தில், நான்காவது சிலிண்டருக்குக் கீழே, துணிக்குள் சுற்றிய சுத்தியல்போல இரண்டு அடி. மறுபடி விடச் சொன்னேன். மறுபடியும் இரண்டு. உறுதி செய்துகொள்ள ஸ்பேனரை எடுத்து நான்காவது பைப்பின் நட்டில் வைத்தேன்.

அப்போது மாதையனின் மனைவி தட்டில் டீ கொண்டுவந்தார். கண்ணாடி டம்ளர்கள். அடியில் கடைச் சீட்டு ஒட்டியபடியே இருந்தது. எங்களுக்காகவே புதிதாக வாங்கியிருக்கிறார்கள். தங்கள் டம்ளர் என்றால் நாங்கள் தொடமாட்டோமோ என்ற பயம். தட்டை நீட்டிவிட்டு அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்.

வேண்டாம் என்று அந்த வீட்டில் சொன்னால் அவர்கள் காதில் அது என்ஜினைப் பற்றிய தீர்ப்பாகவா விழும்? ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டம்ளரை எடுத்தேன். இதுவரை சொன்னதைக் கேட்டு என்னை நல்லவன் என்று நீங்கள் நினைக்கலாம். நினைக்காதீர்கள். சாதி பார்க்காதவன் நான் என்பதை அங்கிருந்த எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். கடைசிச் சொட்டுவரை நிதானமாக, பெருமையாகக் குடித்தேன். விரலில் அந்தச் சீட்டின் பிசுபிசுப்பு.

டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தால் செல்லமுத்துவும் குடித்துக்கொண்டிருந்தான். அதுவரை காலனி வீட்டில் கை நனைத்தவனில்லை அவன். முகமெல்லாம் சிரிப்பு. நான் வாய் திறப்பதற்குள் வெற்றிலையில் வைத்து முன்பணத்தை மாதையன் கையில் கொடுத்துவிட்டான். வெற்றிலை கை மாறிய பிறகு குறை சொல்வது எங்கள் பக்கம் அசிங்கம்.

சொல்லியிருக்கலாம். சேலம் வரும் பஸ்ஸில் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்து வந்தோம். அவனே கேட்டான்.

“ஏம்ப்பா, ஸ்பேனரை வெச்சயே, என்னமோ சத்தமா?”

“டேப்பெட்தான். ஒரு நாள் வேலை” என்றேன்.

“அதானே! நீ டீயத் தொட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நானுங்கூட மடக்குன்னு குடிச்சுப்போட்டேன், பாத்தியா? ஊட்ல சொன்னா ராமாயி விளக்குமாத்த எடுப்பா.” வாய்விட்டுச் சிரித்தான்.

நான் குடித்தது வண்டிக்காக இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால், என்னுடைய பெருந்தன்மையை நானே அவன் முன்னால் பிரித்துப் போட வேண்டும். அவன் கேலி செய்வான். அந்த ஒரு கேலிக்குப் பயந்தேன். அது டேப்பெட்டாகவும் இருக்கலாம் என்று எனக்கே பாடம் நடத்திக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

இரண்டு மாதம் ஓடியது. கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு ஒரு கணவாய் ஏற்றத்தில் போகும்போது, நான்காவது சிலிண்டரின் தண்டு உடைந்து என்ஜினைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி இரும்பு விலைக்குப் போனது. ராமாயி கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போனார். செல்லமுத்து, போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் டிரைவராகச் சேர்ந்து வடக்கே போனான். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் வருடம், பெயர் வாயில் நுழையாத ஏதோ ஊரில், வெயிலில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. அங்கேயே எரித்துவிட்டார்கள்.

கருமாதிக்கு மாதையன் வந்திருந்தார். பந்தலுக்கு வெளியே நின்றவர் என்னைப் பார்த்ததும் கிட்ட வந்தார்.

“கெட்ட வண்டியத் தலையில கட்டிட்டனேன்னு, வாங்குன காசுல பாதிய எடுத்துக்கிட்டு அப்பவே அவரு ஊட்டுக்குப் போனேனுங்க. தொடமாட்டேன்னுட்டாரு. ‘வாத்தியாரு காதுக்கே கேக்காதது உனக்கு எங்கே கேக்கும் மாதையா, போ’ன்னாரு. அந்த ஒரு சொல்லுலதானுங்க நான் சோறு திங்கறேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்க ஊட்ல வந்து டீ குடிச்சவங்க நீங்க ரெண்டு பேருதானுங்க. எம் பொண்டாட்டி அந்த டம்ளரை இன்னும் எடுத்து வெச்சிருக்கா.”

“ஆமா மாதையா, எனக்கும் கேக்கலை” என்றேன்.

அவருக்காக அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நான் அதைச் சொன்னபோது பந்தலில் ராமாயி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்காகத்தான் சொன்னேன்.

மாதையனும் போய்விட்டார். அந்தக் காலனிக்குப் பக்கத்தில் மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள் என்று கேள்வி. ராமாயி மகளோடு எங்கோ போனார். விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. பழைய வண்டிகளை இப்போது போனில் படம் பார்த்து வாங்குகிறார்கள். டீ கொடுப்பாருமில்லை, வயிறு சரியில்லை என்பாருமில்லை. திருப்புளி எந்த வீடு மாறியபோது தொலைந்ததோ, அதுவும் தெரியாது. யாரிடம் சொன்னால் ஏதாவது ஒன்று நேராகுமோ அவர்களில் ஒருவரும் மிச்சமில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். ஒன்றும் நேராகப் போவதில்லை.

இன்று காலையும் காய்கறி வண்டி வந்தது. மிஷினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியும் கேட்டது.

எனக்குக் கேட்டதடா, செல்லமுத்து. முதல் தடவையே கேட்டது.