கத்திகளை ஒளித்து வைத்தவர்

ஊரடங்கு முடிந்து சலூன் கதவைத் திறந்த முதல் வாரத்தில்தான் அது தொடங்கியது.

நாற்பதைத் தாண்டிய அவர், முடி வெட்டுவதைவிடச் சவரத்துக்குப் பேர் போனவர். அவருடைய நாற்காலியில் சாய்ந்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அவ்வளவு லேசான கை. பக்கத்து நாற்காலி மைத்துனருடையது. மாதக்கணக்கில் கடை மூடிக் கிடந்தபோது, இரண்டு அறை வீட்டில் மனைவி, மகளோடு இவர் அடைந்து கிடந்தார். நாள் முழுக்க டிவியில் செத்தவர்கள் கணக்கு ஓடும். எதிர்வீட்டுக்காரரைக் கவச உடை போட்டவர்கள் வந்து தூக்கிப் போனார்கள், அவர் திரும்பவில்லை. நல்லவேளை, நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரையும் போல இவரும் சொல்லிக்கொண்டார்.

கடை திறந்ததும் மளிகைக்காரர் வந்தார், முகத்தில் காடு மாதிரி தாடி. நுரை தடவி, தொண்டைக்குழியருகே கத்தியை வைத்த நேரம் பார்த்து மனிதர் இருமினார். மெல்லிய கீறல். கடுகளவு ரத்தம் துளிர்த்தது.

"தாடிய எடுக்கச் சொன்னா தலையவே எடுத்துடுவீங்க போல" என்று மளிகைக்காரர் சிரித்தார். மைத்துனரும் சிரித்தார். இவர் படிகாரம் தடவி அனுப்பிவைத்தார்.

அடுத்தவர் கழுத்தில் கத்தி வைத்தபோது, 'இன்னும் கொஞ்சம் அழுத்தினா?' என்று ஒரு நினைப்பு வந்தது. யார்மேலும் கோபமில்லை. எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. விரட்ட விரட்ட அதிகமாக வந்தது. கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும் மனிதரின் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கையில் இவர் கத்தியை மடக்கிக் கீழே வைத்துவிடுவார்.

சவரத்தை மைத்துனரிடம் தள்ளிவிட்டார். பிறகு கத்தரிக்கோலையும் தொட முடியவில்லை. கடைசியில் கடையைக் கூட்டிப் பெருக்குவதோடு சரி.

"மாமா, உடம்புக்கு என்ன?" என்று மைத்துனர் கேட்டார்.

"கை மரத்துப்போகுதுப்பா" என்று பொய் சொன்னார்.

வீட்டிலும் அது விடவில்லை. மகள் தரையில் குனிந்து பாடம் எழுதினால் பிடரி தெரியும். உடனே எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒருநாள் காலை காய் நறுக்க மனைவி கத்தியைத் தேடினாள். கத்தியும் இல்லை, கத்தரிக்கோலும் இல்லை. பீரோமேல் பழந்துணி மூட்டைக்குள் எல்லாம் சுற்றிக் கட்டியிருந்தது.

"என்னங்க இது?"

"எங்கிட்ட கேக்காத."

"வேற யார்கிட்ட கேக்குறது? யாருக்குப் பயந்து ஒளிச்சீங்க?"

"எனக்குத்தான்" என்றார். "உன்னையும் பாப்பாவையும் ஏதாவது பண்ணிடுவேனோன்னு இருக்கு."

அவள் ஓரடி பின்னால் போனாள். இவர் பார்த்துவிட்டார். முகம் செத்துப்போயிற்று.

"பாத்தியா, நீயே பயப்படுற."

அவள் மழுப்பவில்லை. "பயமாத்தான் இருக்கு. அதுக்காக உங்கள இப்படியே விட முடியுமா? கெளம்புங்க, டாக்டரப் பாக்கலாம்."

அவர் கிளம்பச் சில நாள் ஆனது. அதுவரை அவள் மகளோடு உள்ளறையில் தாழிட்டுப் படுத்தாள். தாழ் விழும் சத்தம் அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

மனநல டாக்டரின் அறைக்கு வெளியே பக்கத்துத் தெரு வாத்தியார் உட்கார்ந்திருந்தார். கழுவிக் கழுவித் தோல் உரிந்த கைகளை மடியில் மறைத்திருந்தார். இருவரும் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து வாத்தியார் நகர்ந்து இடம்விட்டார்.

டாக்டர் இளம்பெண். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த நெனப்பு வர்றப்போ உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்றார்.

"செத்துடலாம் போல இருக்கும்மா."

"உங்களுக்கு அதுல ஆசை இல்ல, பயம்தான். அந்தப் பயமே நோயாயிடுச்சு. வைத்தியம் இருக்கு. வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்ததுக்கு அப்புறம் நெறைய பேர் இப்படி வர்றாங்க."

மாத்திரை கொடுத்தார். நினைப்பு வந்தால் மல்லுக்கு நிற்காமல் அதன் போக்கில் விடவும் வாராவாரம் பழக்கினார். சுலபமாக இல்லை. நடுவில் ஒருமுறை, இனி வரமாட்டேன் என்று வீட்டிலேயே முடங்கினார். மனைவி இழுத்துக்கொண்டு போனாள்.

இப்போது முடி வெட்டுகிறார். சவரம் மட்டும் இன்னும் மைத்துனர்தான். சில சாயங்காலங்களில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும், "இன்னிக்கு வந்துச்சு" என்பார்.

"போச்சா?" என்பாள் அவள், துணி மடித்தபடி.

"போச்சு."