மாமா எண்ணெய் போட்ட கம்பி

என் அக்கா வீட்டுக்காரர் நெடுங்காலம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு விருத்தாசலம் திரும்பியவர். ஓய்வுக் காலத்தை வீட்டில் உட்கார்ந்து கழிப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அதனால் வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவது என்று முடிவெடுத்தார். தன் ஜீப்பின் பின்னால் மாட்டி இழுக்க, வெளியூர்ப் பட்டறையில் ஒரு பெரிய டிரெய்லரைக் கட்டி வாங்கினார். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் அவருடைய மேற்பார்வையில் இங்கேயே பொருத்தப்பட்டன.

நான் பீங்கான் கம்பெனியில் தரம் பார்ப்பவன். எனவே கழிப்பறைக் கோப்பை என் பொறுப்பு. இருந்ததிலேயே கனமானதைக் கொடுத்தேன். மாமா அதை டிரெய்லரின் பின்கோடியில் வைத்து, பக்கத்திலேயே தண்ணீர் டேங்கையும் வைக்கச் சொன்னார்.

"கனம் பூரா பின்னாடி போயிட்டா ஜீப்புக்கு லேசா இருக்கும் மாப்ள."

நான் தலையாட்டினேன். மாமா பேசும்போது தலையாட்டுவது எங்கள் குடும்பத்தில் ஆண்களின் வேலை.

டிரெய்லர் பக்கவாட்டில் ஆடாமல் இருக்க, ஜீப்புக்கும் அதற்கும் நடுவே மாட்டும் ஒரு கம்பியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார். இரண்டு தகடுகள் கம்பியை இறுகப் பிடித்திருக்கும். டிரெய்லர் ஆட முயன்றால் அந்த உராய்வு அதைத் தடுக்கும். மாட்டிவிட்டுத் தெருமுனையில் திருப்பிப் பார்த்தோம். கிரீச்சென்று ஒரு சத்தம். தெருவே எட்டிப் பார்த்தது.

மாமாவுக்கு முகம் சுண்டிப்போனது. "இவ்ளோ செலவு பண்ணி மாட்டு வண்டி மாதிரி கத்துதே" என்று உள்ளே போய்த் தையல் மெஷின் எண்ணெயை எடுத்து வந்தார். தகடுகளுக்கு நடுவே தாராளமாக ஊற்றினார். சத்தம் நின்றது. "பாத்தியா, இதெல்லாம் கைப்பழக்கம்" என்றார். "சூப்பர் மாமா" என்றேன் நான்.

முதல் பயணம் பெண்ணாடத்தில் இருக்கும் அவருடைய தங்கை வீட்டுக்கு. பஸ்ஸில் போனால் ஒரு தூக்கத்துக்குக்கூடக் காணாத தூரம். அதற்குக் கட்டிலோடு கிளம்பினோம். அக்கா பின்சீட்டில் உட்கார்ந்து, கம்பியோடு வந்த கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

கருவேப்பிலங்குறிச்சி தாண்டியதும் மாமா வேகம் எடுத்தார். எதிரே ஒரு கரும்பு லாரி எங்களைக் கடந்து போனது. அந்தக் காற்றில் டிரெய்லர் லேசாக அசைந்தது. அப்புறம் கொஞ்சம் அதிகமாக. அப்புறம் ஜீப்பின் பின்பக்கத்தையே பிடித்து இடமும் வலமும் உலுக்கியது.

"ஏங்க, பிரேக்க மிதிக்காதீங்க! காலை மட்டும் எடுங்க!" என்று அக்கா கத்தினாள்.

மாமா பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தார். டிரெய்லர் எங்களை முந்திப் போகப் பார்த்து, முடியாமல், அறுவடை முடிந்த வயலில் இறங்கிச் சாய்ந்தது. ஜீப் பாதி ரோட்டிலும் பாதி வரப்பிலும் நின்றது. யாருக்கும் காயமில்லை. டேங்க் உடைந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. கோப்பை நான்கு துண்டானது. அதன் தரத்தை நான்தான் சோதித்து முத்திரை குத்தியிருந்தேன்.

அக்கா கீழே இறங்கி, கையேட்டின் ஒரு பக்கத்தை விரித்து மாமா மூக்குக்கு நேரே நீட்டினாள். எண்ணெய்க் கேன் படம், மேலே சிவப்பில் பெருக்கல் குறி. அடுத்த படத்தில், சாமான் எல்லாம் பின்னால் ஏற்றிய டிரெய்லருக்கும் அதே குறி.

"படிக்கத் தெரியாதவனுக்கும் புரியட்டும்னுதான் படமா போட்டுருக்கான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீயும் கூடவே நின்னு தலைய ஆட்டுனியா?"

கரும்பு டிராக்டர்காரர் ஒருவர் சங்கிலி போட்டு எங்களை இழுத்து ரோட்டில் ஏற்றிவிட்டார். "கனத்த முன்னாடி வெச்சிருக்கணும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தங்கைக்காரி போனில் அழைத்தாள். "ஒரு மாடு திடீர்னு குறுக்க வந்துடுச்சும்மா" என்றார் மாமா, கொஞ்சமும் கூசாமல். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை போல. போனை என்னிடம் நீட்டினார்.

"ஆமாங்க, வெள்ளை மாடு" என்றேன்.