சூன் மாதத்து மாப்பிள்ளை

எங்கள் பெரியப்பா செங்கல்பட்டில் தமிழ்ப் புலவர். வடவெழுத்து எதுவும் வாசற்படி ஏறக் கூடாது என்பது அவர் சட்டம். ஸ்டேஷனுக்குப் போகச் சட்கா வண்டிதான் பிடிக்கலாம்; ஜட்கா வேண்டுமென்றால் நடந்து போக வேண்டியதுதான். எங்கள் வீட்டில் மே முடிந்தால் சூன் பிறக்கும். ஜூன் என்று வாய் தவறியவனுக்கு அன்றைக்கு மோர் கிடையாது.

அப்பா வேலை நிமித்தம் வெளியூரில் இருந்ததால் அக்காவுக்கு வரன் பார்த்ததும் பெரியப்பாதான். பம்பாய் மாப்பிள்ளை. பெண் பிடித்துவிட்டால் உடனே கல்யாணம். அக்காவோ ஆசிரியப் பயிற்சியில் சேர வேண்டுமென்று அழுதுபார்த்தாள்.

"பம்பாய்லயும் கடல் இருக்கு. அங்க போய் அழு" என்று தீர்ப்பாகிவிட்டது.

மாசி மாதத்தில் ஒரு நாள் தந்தி வந்தது. தந்தி என்றதுமே பெரியம்மா, யாருக்கென்று தெரியாமல், பொதுவாக அழத் தொடங்கினாள். தந்திச் சேவகன் பிரித்துப் படித்தான்.

"அட, இன்னாத்துக்கும்மா அழுவுற? மாப்ள வூட்டுத் தந்தி. 'கமிங் சூன்'னு கீது. சந்தோசமா எதுனா குடு."

பெரியப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டீங்களா? சூன்! தந்திக்காரனே திருந்திட்டான்!" என்றவர் உள்ளே பார்த்து, "ஏம்மா, சூனுக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கு?" என்றார்.

"நாலு மாசம் பெரியப்பா" என்றாள் அக்கா, கதவுக்குப் பின்னாலிருந்து.

நாலு மாசம் கிடக்கிறதே என்று, மாசி மகத்தன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு மாமல்லபுரத்துக்குக் கடலாடப் போனோம். கண்டக்டர் மகாபலிபுரம் என்றார். பெரியப்பா வழியெல்லாம் திருத்திக்கொண்டு வந்தார்.

முழுகி எழுந்தவரின் வேட்டியை அலை உருவிக்கொண்டு போயிற்று. கரையில் நின்ற மீனவர் ஒருவர் பாய்ந்து பிடித்தார். "கெட்டியா புடிச்சிக்க வாணாமா சாமி? கடலு இன்னா உன் வூட்டுக் கொளமா?"

அந்த நேரம் பார்த்து, கோட்டும் பூட்சுமாக ஓர் இளைஞரும் அவருடைய அப்பாவும் மணலில் கால் புதையப் புதைய வந்து சேர்ந்தார்கள். பூட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் விசாரித்து, அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கிறார்கள்.

"தந்தி வரலையா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"வந்துதே. சூன்னு போட்டிருந்தீங்க" என்றார் பெரியப்பா, இடுப்பளவு தண்ணீரை விட்டு வெளியே வராமல்.

"ஆமா, சூன்தான். அதான் வந்துட்டோம்."

"சூன்னுட்டு மாசியில வந்து நிக்கிறீங்களே?"

"சூன்னா சூன்தான்யா! வேற எப்ப வர்றது?"

வேட்டியும் கையுமாக நின்ற மீனவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்பா, ரெண்டு பேரும் ஒண்ணத்தானே சொல்லிக்கினு கீறீங்க? அப்பால இன்னாத்துக்குச் சண்டை?"

மாப்பிள்ளைதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆங்கிலத்தில் சூன் என்றால் 'சீக்கிரம்' என்று விளக்கினார்.

"அப்ப சீக்கிரம்னே அடிக்கிறது! தமிழுக்கு என்ன குறைச்சல்?" என்று கடலிலிருந்து குரல் வந்தது.

வேட்டி இல்லாத சம்பந்தம் வேண்டாம் என்று அவர்கள் திரும்பி நடந்தார்கள்.

பஸ்ஸில் அக்கா எனக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். அந்தச் சூனில் அவள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள்.

நான் அப்போது முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு. அக்காவோ மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்கென்றே பரிசு வாங்கியவள். அவளுக்கே சூன் என்றால் என்னவென்று தெரியவில்லையே, நமக்கு எங்கே வரப்போகிறது என்று நான் அந்த வருஷம் முழுக்க ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.