கோடெக் கேட்ட கல்யாண சிடி

திருநகர் ஜனகராஜுக்கு எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும். பஸ் தள்ளி நின்றால் கண்டக்டருக்குத் திட்டு. ஹாலில் மாட்டியிருந்த தன் போட்டோவைக் காணோம் என்று வெள்ளையடித்தவனுக்குத் திட்டு. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம் என்றாலும் திட்டுவதற்கு அவருக்குத் தமிழ்தான் வாகு. ஆபீஸில் பழகிய வேற்றுச் சாதிப் பையனைத்தான் கட்டுவேன் என்று மகள் இந்துப்ரியா நின்றபோதும், "நானும் வரமாட்டேன், உங்கம்மாவும் வரமாட்டா" என்று தமிழில்தான் கத்தினார். சொன்னபடியே போகவுமில்லை, மனைவி ராதாமணியைப் போக விடவுமில்லை.

கல்யாணம் முடிந்து சென்னையிலிருந்து சிடி வந்தது. அது 2005. மகள் விட்டுப்போன கம்ப்யூட்டரில் ராதாமணி அதைப் போட்டாள். "நான் பாக்க மாட்டேன்" என்று ஜனகராஜ் பேப்பரை விரித்துக்கொண்டார். நாதஸ்வரம் கேட்டது, படம் வரவில்லை. திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் குதித்தன. நடுவில் ஐயரின் குரல்: "பொண்ணோட அப்பா இருக்காரா?"

"இருக்காரு சாமி, இந்தா, நாற்காலியில" என்றாள் இந்துப்ரியா.

பேப்பர் பறந்தது. "எவன்டா அவன்? என் எடத்துல எவன் உக்காந்தான்?"

கோடெக் இல்லை என்று திரை ஆங்கிலத்தில் சொன்னது. ஜனகராஜ் அதைக் கோடாக் என்று படித்தார். நேரே சோணைமுத்துவின் போட்டோ ஸ்டுடியோவுக்குப் போய், "ஒரு கோடாக் குடுய்யா, எம்பொண்ணு கல்யாணம் ஓடமாட்டேங்குது" என்றார்.

பிலிம் ரோலை நீட்டிய சோணைமுத்து, விஷயம் கேட்டதும் சிரித்துவிட்டார். "அண்ணே, அது கோடாக் இல்ல, கோடெக். அந்த மாதிரி வீடியோவ உங்க கம்ப்யூட்டருக்குப் பிரிக்கத் தெரியல. வேற பிளேயர் போடணும். பாக்க அம்சமா ஒண்ணு இருக்கு, இமெயிலு அட்ரஸுன்னு அம்புட்டையும் கேக்கும். இன்னொண்ணு மொட்டையா இருக்கும், எதக் குடுத்தாலும் ஓட்டிரும். எது வேணும்?"

"உக்காந்தவன் மொகத்தக் காட்டுறது எதுவோ அதக் குடுய்யா! இளிச்சன்னா பல்லு இருக்காது."

சோணைமுத்து வீட்டுக்கே வந்து மொட்டை பிளேயரை ஏற்றினார். கறுப்புச் சதுரம் ஒன்று திறந்தது. இந்துப்ரியா தெரிந்தாள், இளைத்திருந்தாள். அவள் பக்கத்தில் நாற்காலி. நாற்காலியில் ஜனகராஜின் ஹால் போட்டோ.

"அடிப்பாவி! நான் என்ன செத்தா போயிட்டேன், போட்டோ வைக்க?"

"கண்ணத் தொறந்து பாருங்க!" அன்றைக்கு ராதாமணியும் தமிழில் கத்தினாள். "மாலை போட்டிருக்காளா? பொட்டு வச்சிருக்காளா? நீங்க உசுரோட இருக்கீங்கன்னுதானே வெறுமன வச்சிருக்கா? பெத்தவ என்னைய இங்க அடைச்சுப் போட்டுட்டு, பேச்சு மட்டும் பேசுறீங்களே!"

ஜனகராஜ் போனை எடுத்துச் சென்னைக்கு அடித்தார். மறுமுனையில் "அப்பா?" என்ற குரல் வந்ததும் வெடித்தார்.

"யாரக் கேட்டுடி என் போட்டோவ எடுத்துட்டுப் போன? மரியாதையா நீயும் மாப்ளையும் நேர்ல வந்து மாட்டிட்டுப் போங்க!"