பகலில் சாத்திய கதவு

மட்டாஞ்சேரியில் ஜூ டவுனுக்குப் பின்பக்கம், இஞ்சிக் கிடங்கின் சுவரை ஒட்டிப் போகிறது ஒரு சந்து. அதில் பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து மூட்டை தூக்க வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். அந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்த ராமர், ஐம்பது வயது தாண்டியும் ஒருவரைப் பார்த்து ‘வீட்டுக்கு வா’ என்று சொன்னதில்லை. கர்வமெல்லாம் கிடையாது. வாய் வராது, அவ்வளவுதான்.

குடிதண்ணீர் பம்ப் ஹவுஸில் ஆப்பரேட்டர் வேலை. எல்லோரும் ராத்திரி ஷிஃப்டைத் தட்டிக் கழிக்க வழி தேடுவார்கள். ராமர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ராத்திரியில் மோட்டார் மட்டும்தான் பேசும், பதில் எதிர்பார்க்காது. வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் சுப்பம்மாள் பேசிவிடுவாள். சண்டை போடுவது, சமாதானம் ஆவது, கறிவேப்பிலை கேட்பது, கல்யாணத்துக்கு மொய் எழுதுவது எல்லாம் அவள் இலாகா. புருஷன் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமாம் என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சொல்லிச் சிரிப்பாள். ராமரும் உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொள்வார்.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில், பகல் முழுக்கத் தூங்கும் மனிதனை வைத்துக்கொண்டு அந்தச் சத்தக்காட்டில் என்ன செய்வது என்று பார்த்தாள். ஒரு நாள் வீடு வீடாகப் போய்ச் சட்டம் போட்டுவிட்டு வந்தாள். எங்கள் வீட்டுக் கதவு பகலில் சாத்தியிருந்தால் அவர் தூங்குகிறார் என்று அர்த்தம், யாரும் தட்டக்கூடாது, வாசலில் நின்று கூவக்கூடாது. மீன்காரி அந்த வாசல் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். தபால்காரர் கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் பூனை போலப் போவார். ராமருக்கு அந்தத் தூக்கம் சுகமாக இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவர் யோசித்ததில்லை.

தொண்ணூறாம் வருஷம் ஓணத்துக்கு முந்தி அந்த வீட்டுக்குக் கலர் டிவி வந்தது. சந்திலேயே முதல் டிவி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமா ஆரம்பிப்பதற்கு முன்பே சுப்பம்மாள் கதவை அகலத் திறந்து வைப்பாள். அதற்கப்புறம் ஒருவரையும் கூப்பிட வேண்டியதில்லை. படியில் செருப்புகள் குவியும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஜோடி பிரிந்து, படி நிறைந்து சந்துக்கு வழியும். உள்ளே தரை தெரியாமல் ஆட்கள். சுப்பம்மாள் உட்கார மாட்டாள். சமையலறை நிலையில் சாய்ந்து நின்றபடியே படம் பார்ப்பாள், இடையிடையே பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து கொடுப்பாள். ராமர் சுவரோரம் தன் நாற்காலியில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்த மனுஷன் வாழ்க்கையில் மிகச் சந்தோஷமாக இருந்தது அந்த நேரத்தில்தான். சொல்லிக்கொள்ளத் தெரியவில்லையே தவிர, சந்தோஷத்துக்கு ஒரு குறைவும் இல்லை.

பிறகு கேபிள் வந்தது, வீட்டுக்கு ஒரு டிவி வந்தது. படியில் செருப்பு குறைந்துகொண்டே போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் செருப்பும் சுப்பம்மாள் செருப்பும் மட்டும் கிடந்தன. அப்புறம் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. அதோடு அவளுடைய அந்த ஜோடியும் போயிற்று. மகள் மஞ்சுஷா பிஜுவைக் கட்டிக்கொண்டு ஷார்ஜாவுக்குப் போனாள். ராமர் ராத்திரி வேலைக்குப் போனார், காலையில் வந்து கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார், எழுந்து கஞ்சி வைத்துக் குடித்தார். நாலு வருஷம் இப்படியே ஓடியது. வருஷத்துக்குக் கால் முளைத்திருக்கிறது, ஓடாமல் என்ன செய்யும்.

இரண்டாயிரத்து இரண்டு ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட சமயத்தில், ஊருக்கு வந்த ஒருவர் கையில் மஞ்சுஷா ஒரு பெட்டி கொடுத்தனுப்பினாள். பிஜுவின் ஆபீஸில் கழித்துப்போட்ட புரொஜெக்டர். சுவர் முழுக்கப் படம் தெரியும், அப்பா தனியாகத்தானே இருக்கிறீர்கள், உலகக் கோப்பை ஃபுட்பால் பார்க்கலாம் என்று போனில் சொன்னாள். ராமர் சரி என்றார். போனை வைத்த பிறகு அவருக்கு மகள் சொன்ன எதுவும் நினைவில் நிற்கவில்லை. சுவர் முழுக்கப் படம் என்பது மட்டும் நின்றது. டிவி எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. இது யாரிடம் இருக்கிறது? படியில் மறுபடியும் செருப்பு குவியும் என்று அந்த நிமிஷமே கணக்குப் போட்டுவிட்டார்.

தோப்பும்படியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் முனீரைக் கூட்டிவந்தார். முனீர் வீட்டிலிருந்த பழைய வீடியோ டெக்கைத் தூசி தட்டி, கேபிள் வயரை அதில் கொடுத்து, அதிலிருந்து மஞ்சள் வயரைப் புரொஜெக்டருக்கு இழுத்தான். படம் வந்தது. வந்த படம் அரை முழ அகலம். இயந்திரத்தைப் பின்னால் தள்ளத் தள்ளப் படம் பெரிதாகியது, ஆனால் முன்னறை அதற்குள் முடிந்துவிட்டது. கடைசியில் அதைச் சமையலறைக்குள் கொண்டுபோய் அரிசி டிரம்மின் மேல் வைத்தார்கள். ஒளி சமையலறை நிலை வழியாக வந்து முன்னறைச் சுவரில் விழுந்தது. அந்தச் சுவரிலோ மழை ஈரம் ஏறி வரைபடம் போலக் கறை. சுண்ணாம்பு அடித்தால் இந்த மழையில் காயாது. ராமர் தன் எட்டு முழ வேட்டியை எடுத்து, கரையை உள்ளே மடித்து, மேலும் கீழும் மூங்கில் கோத்துக் கட்டினார்.

அதைத் தொங்கவிட வேண்டுமானால் சுப்பம்மாளின் போட்டோவைக் கழற்ற வேண்டும். ராமர் அதைக் கழற்றித் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சமையலறையில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், நிலையில் சாய்த்து வைத்தார். அவள் எப்போதும் அங்கிருந்துதானே பார்ப்பாள்.

“ராமரண்ணே, இதுக்கு வெளிச்சம்தான் சத்துரு, கேட்டோ,” என்றான் முனீர். “ஜன்னல், கதவு, ஓட்டு இடுக்கு எல்லாம் அடைக்கணும். பகல்ல பாக்கணும்னா ரூம் குகை மாதிரி இருக்கணும்.”

ராமர் கிடங்கிலிருந்து பழைய சாக்குகள் வாங்கிவந்து ஜன்னலை அடைத்தார். ஓட்டு இடுக்குகளில் துணி திணித்தார். பாயை விரித்துப்போட்டு ஒவ்வொரு மூலையிலும் தானே உட்கார்ந்து பார்த்தார். யார் தலை யாருக்கு மறைக்கும், யாருடைய நிழல் வேட்டியில் விழும் என்று. இல்லாத ஆட்களுக்கெல்லாம் இடம் ஒதுக்கினார். எதிர்வீட்டுக் கமலாக்ஷிக்கு முட்டுவலி, அவள் சுவரோரம் சாய்ந்துகொள்ளட்டும். கார்ப்பரேஷனில் வேலை பார்க்கும் முனியாண்டி உயரம், அவன் கடைசியில்.

இனிச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. இங்கேதான் வண்டி நின்றது. வெள்ளிக்கிழமை சாயாக் கடையில் முனியாண்டி, ஃபைனலை எங்கே பார்க்கப்போகிறீர்கள் என்று தானாகவே கேட்டான். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. ராமர் சாயாவை ஆற்றியபடி, “வீட்ல ஒரு மிஷின் வந்திருக்கு. செவுரு முழுக்கப் படம் தெரியும். ஞாயித்துக்கெழம போடறேன்,” என்றார். அவருக்கு அது ஒரு வருஷத்துப் பேச்சு. அதோடு ‘வா’ என்று ஒரு எழுத்தைச் சேர்க்க வேண்டியதுதானே? சேர்க்கவில்லை. டிவிக்குக் கூப்பிட்டா வந்தார்கள், தானாக வந்தார்கள், இப்போதும் வருவார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை முடிந்து வந்தவர் தூங்கவில்லை. சந்தெல்லாம் மஞ்சள் கொடி கட்டியிருந்தது. பிரேசில் மட்டாஞ்சேரிக்குப் பக்கத்து ஊர் என்றுதான் அங்கே பாதிப்பேர் நினைப்பு. மத்தியானம் கடலை வறுத்தார், கட்டன் சாயாவுக்குப் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். நாலரை மணி ஆட்டத்துக்கு நாலு மணிக்கே கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளினால் திறந்துகொள்ளும். யாராவது தட்டினால் கேட்க வேண்டுமே என்று சத்தத்தையும் நன்றாகக் குறைத்து வைத்தார்.

படம் வேட்டியில் விழுந்ததும் அவருக்கே மூச்சு நின்றது. புல் ஒவ்வொன்றும் தெரிந்தது. பந்து வந்த வேகத்தில் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அதிசயத்தைப் பார்த்ததும் முதலில் திரும்பிப் பார்த்தது பக்கத்தில்தான். பாய் காலியாக இருந்தது.

மழை ஓட்டில் கொட்டியது. மழை விடட்டும் என்று காத்திருப்பார்கள் என்று நினைத்தார். மழை விட்டது. இடைவேளையில் வருவார்கள் என்று நினைத்தார். இடைவேளை வந்தது, விளம்பரம் வந்தது, ஆள் வரவில்லை. அவர் ஆட்டத்தைப் பாதியும் கதவைப் பாதியும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் கோல் போட்டான், சந்து முழுக்க ஒரே கூச்சல். அந்தக் கூச்சல் வீடு வீடாக வந்தது. கமலாக்ஷி வீட்டிலிருந்து, முனியாண்டி வீட்டிலிருந்து, எல்லா வீட்டிலிருந்தும். அப்போதுதான் ராமருக்கு உறைத்தது. அவரவர் வீட்டில் அவரவர் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். வரப்போவதில்லை.

அவருக்கு அழுகை வந்தது. அன்றைக்கு வந்தவர்களெல்லாம் டிவிக்காகவும் வரவில்லை, தனக்காகவும் வரவில்லை, அவளுக்காக வந்தார்கள் என்று நினைத்துக்கொண்டார். தான் அந்தக் கூட்டத்தில் ஒரு நாற்காலி. இரண்டாவது கோல் விழுந்தபோது அவர் வேட்டியைப் பார்க்கவில்லை. டிரம் பக்கம் சாய்ந்திருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்து கதவைத் திறந்தார். வெளிச்சம் கண்ணில் குத்தியது. படியில், மழை படாத ஓரத்தில், வாழையிலையால் மூடிய ஒரு பாத்திரம் இருந்தது. திறந்தால் வேகவைத்த கப்பைக்கிழங்கும் மீன்கறியும். எதிர்வாசலில் கமலாக்ஷி ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“எழுந்துட்டீங்களா அண்ணே? அத சூடாக்கிச் சாப்பிடுங்க. எல்லாருக்கும்னு செஞ்சதுதான். நீங்க ஒறங்குறீங்கன்னு அங்கயே வச்சேன்.”

ராமருக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோருக்கும் என்றால் யாருக்கு என்று கேட்டார். அவள் சொன்னாள். நாலேகால் மணிக்கு நாலைந்து வீட்டுக்காரர்கள் வந்தார்களாம். இப்போது யாருக்கும் தரையில் உட்கார முடிவதில்லை, ராமரண்ணன் வீட்டில் அத்தனை சேர் ஏது என்று முனியாண்டி தலையில் இரண்டு சேரைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் வந்தானாம். வந்து பார்த்தால் கதவு சாத்தியிருந்தது. ராத்திரி டூட்டி பார்த்த மனுஷன் அசந்துவிட்டார் என்று நினைத்தார்களாம். சத்தம் கேட்கக்கூடாதே என்று முனியாண்டி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினானாம்.

“ஒரு தட்டு தட்டியிருந்தா என்ன?” என்றார் ராமர்.

கமலாக்ஷி அவரை விநோதமாகப் பார்த்தாள். “அதெப்படி அண்ணே? சாத்துன கதவ முட்டக்கூடாதுன்னு அக்கா சொன்னதில்லையா? அக்கா இருந்தா அவங்களே மாத்திச் சொல்லியிருப்பாங்க. இப்ப யாரு சொல்ல?”

ராமர் படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கதவுக்கு உள்ளே எத்தனையோ வருஷம் தூங்கியிருக்கிறார். அது சாத்தியிருக்கும்போது ஒருநாள்கூட வெளியே நின்று பார்த்ததில்லை. சுப்பம்மாள் போய் நாலு வருஷமாகியும் அவருடைய தூக்கத்துக்கு அவள் காவல் நின்றுகொண்டிருந்தாள். ஊரே அவளுக்கு அடங்கி நடந்தது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திறந்த கதவு வழியாக வெளிச்சம் வந்து, வேட்டியில் படம் அழிந்து, வெறும் வேட்டி தொங்கியது. அதைப் பார்த்தபடி கப்பையைத் தின்றுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலையில் வந்ததும் அவர் கதவைச் சாத்தவில்லை. அகலத் திறந்துபோட்டுவிட்டு முன்னறைப் பாயில் படுத்தார். சொல்ல வராத மனுஷன் அதையாவது செய்து காட்டலாம் என்று நினைத்திருக்கிறார். மீன்காரி கூவினாள், கிடங்கில் லாரி உறுமியது, முகத்தில் வெயில் அடித்தது. தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படியில் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார்.

கேட்டது. யாரோ வந்து நின்றார்கள். செருப்பைக் கழற்றும் ஓசைக்காக ராமர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வந்தவர் கொஞ்சம் எட்டிப் பார்த்தார். அயர்ந்துபோய்க் கதவைச் சாத்தக்கூட மறந்து தூங்குகிறார், பாவம் என்று நினைத்திருக்க வேண்டும். சத்தமே வராமல், மிகுந்த அன்போடு, கதவை இழுத்துச் சாத்தினார்.

ஜன்னலில் சாக்கு அப்படியே இருந்தது. அறை கும்மிருட்டானது. ராமர் எழுந்தார். இருட்டில் டெக்கில் இடித்துக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே வந்தார். முனியாண்டி செருப்பைக் கையில் பிடித்தபடி நுனிக்காலில் போய்க்கொண்டிருந்தான்.

“முனியாண்டி,” என்று கூப்பிட்டார் ராமர். சந்தில் அந்தக் குரலை அவ்வளவு உரக்க அதுவரை யாரும் கேட்டதில்லை. கமலாக்ஷிகூட எட்டிப் பார்த்தாள். முனியாண்டி திரும்பினான்.

“நான் ஒறங்கல.”

அதைச் சொல்லிவிட்டு ராமர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்ததாகச் சொல்ல வேண்டிய வார்த்தை அவருக்குத் தெரியும். அதை எப்போதும் சுப்பம்மாள்தான் சொல்வாள். முனியாண்டி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.